வெட்கப்பட்ட வெள்ளிக்காசு

என் சம்பந்தி ஒரு காசுகூட வாங்காம என் பொண்ண மருமகளாக்கிக்கிட்டா. இந்த அவமானத்த நான் யார்கிட்டப் போய்ச் சொல்றது, நீங்களே சொல்லுங்க தம்பி.

கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி உக்காருங்க, வண்டி சாயுது. படகுத்துறை வரைக்கும்தானே? நானும் அங்கதான். குதிரை இருக்கிற நெலமையப் பாத்தா போய்ச் சேர மத்தியானம் ஆயிடும். நூல் வியாபாரம்னு சொன்னீங்க. நாலு ஊரு பாத்த ஆளு, நியாயம் எதுன்னு உங்களுக்குத் தெரியும்.

என் பேரு அப்பலோனியா. துணி வெளுக்குறது தொழில். ஊரு ஆல்டன்மூல். சின்ன ஊருதான், ஆனா ஒரு கோட்டை இருக்கு, கோட்டைக்குள்ள ஒரு பிரபு இருக்காரு. இந்த ஜெர்மன் தேசம்தான் உங்களுக்குத் தெரியுமே. காலையில கெளம்பினா மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள மூணு பிரபுவோட எல்லையத் தாண்டிடலாம். ஆளுக்கொரு கொடி, ஆளுக்கொரு வரி, ஆளுக்கொரு காசு.

சண்டை ஆரம்பிச்சதும் எங்க பிரபுவும் படை சேத்தாரு. எந்தப் பக்கம்னு கேக்காதீங்க, நடுவுல மாறிட்டாரு. படைன்னா சம்பளம் குடுக்கணும். சம்பளம்னா வெள்ளிக்காசு. வெள்ளிதான் இல்ல. அப்பத்தான் லோரென்ஸ் ஐயா ஊருக்கு வந்தாரு. காசடிக்கிற பட்டறையக் குத்தகைக்கு எடுத்தவரு. ரொம்ப மரியாதையான மனுஷன். என்னப் பாத்தா எழுந்து நிப்பாரு. என் ஆயுசுல எனக்காக எழுந்து நின்னது அவரும், எங்க பழைய பசுமாடும்தான்.

அவரு ஒரு தட்டு நெறையக் காசு கொண்டாந்து என் முன்னாடி வச்சாரு. எல்லாம் செம்பு நெறம்.

"அம்மா, இது வெள்ளிக்காசு. பொறந்த கொழந்த மாதிரி செவப்பா இருக்கு, அவ்வளவுதான். நீங்க வெளுத்துக் குடுக்கணும்" அப்படின்னாரு.

"இதுல வெள்ளி எவ்வளவு இருக்கு"ன்னு கேட்டேன்.

"இருக்கு"ன்னாரு.

எனக்கு அது போதும். நான் துணி வெளுக்கும்போதும், இது யாரு சட்டை, எப்படி அழுக்காச்சுன்னு கேக்குறதில்ல.

வேலை ஒண்ணும் பெரிசில்ல. ஒயின் பீப்பாயோட அடியில ஒரு புளிப்பு உப்பு படியும் பாருங்க, அதச் சொரண்டி எடுத்து, சாதா உப்போட சேத்துத் தண்ணியில கொதிக்க விட்டு, காசப் போட்டுக் கெளறணும். மேல இருக்கிற செம்பு கரைஞ்சு போயிடும். கொஞ்சூண்டு இருக்கிற வெள்ளி மேல தெரியும். எடுத்து மரத்தூள்ல பொரட்டினா கண்ணு கூசும். கெளறுறதுலதான் கைப்பக்குவம். மத்த ஊருக் காசெல்லாம் ஒரு வாரத்துல பல்லக் காட்டிடும். நான் வெளுத்தது நல்லாத் தாங்கும். தேய்க்கக் கூடாது, அவ்வளவுதான். தேய்க்காம வச்சிருந்தா அது வெள்ளி. தேய்ச்சா செம்பு. அப்ப தப்பு யாரு மேல? காசு மேலயா, தேய்ச்சவன் மேலயா? இத நான் எத்தனையோ பேருகிட்டச் சொல்லிட்டேன். யாரும் காது குடுத்துக் கேக்கல.

காசக் கொதிக்க வைக்கப் பெரிய பாத்திரம் வேணும். என்கிட்ட ஒரு செம்பு அண்டா இருந்துச்சு. ஒரு ஆளு உள்ள உக்காந்து குளிக்கலாம், அத்தாம்பெருசு. பட்டறைக்கு வாடகைக்கு விட்டேன். எனக்குக் கூலி, அண்டாவுக்கு வாடகை, ரெண்டும் புதுக் காசுல. சாக்கு சாக்கா வந்துச்சு தம்பி. எங்க வீட்டுக்காரர் யோஸ்ட், தேவாலயத்துக் கோபுரத்துல மணி அடிக்கிறவரு. ஒரு வருஷம் பூரா அவரு மணி அடிச்சுச் சம்பாதிச்சத நான் ஒரு வாரத்துல கொண்டாந்தேன். அவரு சாக்கத் தூக்கிப் பாத்துட்டு, "கனமே இல்லையே"ன்னாரு. மணிக்கயிறு இழுத்து இழுத்துத் தோளு பழகிப்போன மனுஷன், அவருக்கு எதுவும் கனமாத் தெரியாதுன்னு நெனச்சேன்.

என் பொண்ணு எல்ஸ்பெத்துக்கு அப்பத்தான் கல்யாணம் பேசியிருந்தோம். கெணத்துக்கு எதுத்தாப்புல ரொட்டிக்கடை வச்சிருக்கிற சபீனா, அவ மகன் தில்மான். நல்ல பையன், எப்பவும் புருவத்துல மாவு ஒட்டியிருக்கும். அம்பது தாலர் ரொக்கம், அந்த அண்டா, இதுதான் பேச்சு. தாலர்னா பழைய கெட்டி வெள்ளிக்காசு. எங்ககிட்ட அம்பது இல்லதான், ஆனா புதுக் காசு வந்துக்கிட்டிருந்துச்சு. "சபீனா, அம்பது என்ன, எரநூறாவே குடுத்துடுறேன்"னு சந்தையில எல்லாரும் கேக்குற மாதிரி சொன்னேன். அவ ரொட்டிக் கூடையத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா. அவளுக்கு அப்பவே பொறாமை.

பட்டறைக்குச் செம்பு பத்தல. லோரென்ஸ் ஐயா நல்ல வெலைக்கு வாங்குறாருன்னு தெரிஞ்சதும் ஊரே வரிசையில நின்னுச்சு. கடாய், மூடி, கரண்டி, கூரையில மழைத்தண்ணி எறங்குற தகரக் கொழாய், அதுலயும் செம்பு இருக்கான்னு பாத்தாங்க. ஒரு கடாய வித்த காசுல ரெண்டு கடாய் வாங்கலாம்னு எல்லாரும் கணக்குப் போட்டாங்க. கணக்கு சரிதான். கடாய்தான் எங்கயும் இல்ல. எல்லாத்தையும் வித்துட்டாங்களே.

அப்புறம் தேவாலயத்து மணியவே எறக்குனாங்க. அதுலயும் முக்காவாசி செம்பாம். பாதிரியார் ஒரு பாட்டம் அழுதாரு, நகர சபையில பேசிப் பேசிப் பாத்தாங்க. மணி போனாலும் நேரம் போகக் கூடாதுன்னு கடைசியில ஒரு முடிவுக்கு வந்தாங்க. யோஸ்ட் எப்பவும் போல கோபுரத்துல ஏறணும். வாயால அடிக்கணும்.

சிரிக்காதீங்க தம்பி. மொத நாள் ஊரே சிரிச்சுச்சு. இவரு கோபுரத்து சன்னல்ல நின்னு, ரெண்டு கையையும் வாய்கிட்ட வச்சு, "டாங்"னாரு. நான் வெளிய தலகாட்டவே இல்ல. ஆனா அவரு அதுல ரொம்ப அக்கறை எடுத்துக்கிட்டாரு. எழவுக்கு ஒரு மாதிரி, பூசைக்கு ஒரு மாதிரி, தீப்பிடிச்சா ஒரு மாதிரி. சாப்பிடும்போதுகூட வாயில ரொட்டிய வச்சுக்கிட்டு முனகிப் பழகுவாரு. போகப் போக ஊருக்கும் பழகிடுச்சு. பழைய மணியவிட இவரு சுருதி சுத்தம்னு பாதிரியாரே சொன்னாரு.

அவருக்கு மாசச் சம்பளம் புதுக் காசுலதான். கோட்டை வாசல்ல ஒரு சன்னல் இருக்கு, அங்க கணக்கர் எண்ணிக் குடுப்பாரு. வரி கட்டுறதும் அதே சன்னல்தான். ஒரு தடவ இவரு சம்பளத்த வாங்கி, அங்கயே நின்னு, அதுலருந்து வரிக் காச எடுத்து நீட்டினாரு. கணக்கர் ஒரு காச எடுத்துக் கடிச்சுப் பாத்துட்டுத் தள்ளி விட்டாரு.

"இது செல்லாது. வரியெல்லாம் பழைய தாலர்லதான் கட்டணும், பிரபுவோட உத்தரவு."

"இப்பத்தானே ஐயா நீங்க குடுத்தீங்க."

"குடுக்கும்போது செல்லும்"னாரு கணக்கர்.

இவரு வீட்டுக்கு வந்து அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கிட்டிருந்தாரு. குடுக்கும்போது செல்லும், குடுக்கும்போது செல்லும். நான் சொன்னேன், கணக்கர் கடிச்சிருக்காரு, கடிக்கிறதும் தேய்க்கிற மாதிரிதான், வெள்ளை போகத்தான் செய்யும்.

ஒரு நாள் காலையில பட்டறைக்குப் போறேன், அடுப்பு மேல அண்டாவக் காணோம். அடுப்பு எரியுது, மேல ஒண்ணும் இல்ல. லோரென்ஸ் ஐயா எழுந்து நின்னாரு.

"அண்டா எங்கய்யா?"

அவரு தட்டக் காட்டுனாரு. தட்டு நெறையப் புதுசா அடிச்ச காசு, செவப்பா, இன்னும் சூடு ஆறல.

"இதுலதான் இருக்குங்கம்மா. நேத்து செம்பு தீந்துபோச்சு, படைக்குச் சம்பள நாளு. உங்களக் கேக்க நேரமில்ல. இதையும் கொஞ்சம் வெளுத்துக் குடுத்துடுங்க."

"எதுல வெளுக்குறது?"

அத அவரு யோசிக்கல. நிஜமாவே யோசிக்கல தம்பி, மொகத்துல தெரிஞ்சுச்சு. அப்புறம் மண்பானை வாங்கிட்டு வரச் சொன்னாரு. என் அண்டாவ நானே கையளவு கையளவா மண்பானையில போட்டு வெளுத்தேன். கோவத்தோடதான் வெளுத்தேன், ஆனா வேலையில ஒரு குறை வைக்கல. அண்டாவுக்கு வெலையா அந்தக் காசுலயே எண்ணிக் குடுத்தாரு, தாராளமாவே குடுத்தாரு. வீட்டுக்கு வந்து பாத்தா, ஒரு அண்டா போட்டு ஒன்றரை அண்டாக் காசு வந்திருக்கு. லாபம்தானே? எல்ஸ்பெத்துகிட்டச் சொன்னேன். அவ என்னை ஒரு மாதிரி பாத்துட்டு, "அம்மா, நாளைக்குத் துணியெல்லாம் காசுலயா ஊற வைப்ப"ன்னு கேட்டா. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு வாய் அதிகம்.

அதுக்குள்ள ஊருல எல்லாரும் காசக் கையில வச்சிருக்கப் பயந்தாங்க. வந்ததும் செலவு பண்ணிடணும். காலையில ஒரு வெலை, சாயந்தரம் ஒரு வெலை. நானும் ஒரு சாக்கத் தூக்கிக்கிட்டுச் சந்தைக்கு ஓடினேன், கல்யாணத்துக்கு ஏதாவது வாங்கலாம்னு. மாவு இல்ல, உப்பு இல்ல, துணி இல்ல. மிச்சமிருந்தது ஒரு கிளிக்கூண்டு. கிளி இல்ல, கூண்டு மட்டும். வாங்கிட்டு வந்தேன். அதுக்கும் ரெண்டு பேரு போட்டிக்கு நின்னாங்க, நான் விடல.

சரி, சீர முடிச்சுடலாம்னு ஒரு கைவண்டியில காசு மூட்டைய வச்சுத் தள்ளிக்கிட்டு ரொட்டிக்கடைக்குப் போனேன். எரநூறு சொன்னேன், எண்ணூறு கொண்டு போனேன். வெறுங்கையோட போகக் கூடாதுன்னு கிளிக்கூண்டையும் மேல வச்சிருந்தேன். கடையில நாலஞ்சு பொம்பளைங்க ரொட்டிக்கு நிக்கிறாங்க. சபீனா மூட்டையப் பிரிச்சா. ஒரு காச எடுத்தா. வெரல நாக்குல தொட்டு ஈரம் பண்ணிக்கிட்டா. நான் "வேண்டாம் சம்பந்தியம்மா"ன்னு சொல்றதுக்குள்ள இடுப்புல கட்டியிருந்த துணியில வச்சுத் தேய்ச்சுட்டா. தூக்கிக் காட்டுறா. மொகம் மட்டும் செவப்பா இருக்கு, காசுல அடிச்சிருக்கிற எங்க பிரபுவோட மொகம். மூக்கு, கன்னம் எல்லாம் செவப்பு.

"சம்பந்தி, உங்க காசு வெட்கப்படுது"ன்னா.

கடையே சிரிச்சுச்சு. எனக்கு எப்படி இருந்திருக்கும் நெனச்சுப் பாருங்க. நான் பாத்துப் பாத்து வெளுத்த காசு. "தேய்க்காதீங்கன்னு சொன்னேனே"ன்னேன். "தேய்க்காம ஒரு காச எப்படி சம்பந்தி வச்சிருக்கிறது, பையில போட்டாலே தேயுமே"ன்னா. "காசு போகட்டும், எனக்கு வேண்டாம். அண்டா எங்க? அதக் குடுங்க போதும், கடைக்குச் சுடுதண்ணி வைக்கணும்"னா.

நான் மூட்டையக் காட்டுனேன். "இதுலதான் இருக்கு."

அதுக்கு யாரும் சிரிக்கல. கூண்ட மட்டும் அவ வாங்கி வச்சுக்கிட்டா, எலி கடிக்காம ரொட்டிய உள்ள வைக்கலாம்னு. கல்யாணத்தப் பத்தி ஒரு வார்த்த பேசல. நான் வண்டியத் தள்ளிக்கிட்டுத் திரும்பி வந்தேன். எல்ஸ்பெத் அன்னிக்கிச் சாப்பிடல. நானும் சாப்பிடல, ஆனா அது ரொட்டி கெடைக்காததால.

அடுத்த வாரமே பிரபு உத்தரவு போட்டாரு, புதுக் காசு இனிமே பத்துல ஒரு பங்குதான் செல்லும்னு. தண்டோராக்காரன் படிச்சு முடிச்சதும் சனங்க பட்டறைக்கு ஓடினாங்க. லோரென்ஸ் ஐயா விடியும்போதே வண்டி கட்டிக்கிட்டுப் போயிட்டாராம். பட்டறையில என் மண்பானை மட்டும் இருந்துச்சு. பானை யாரோடதுன்னு எல்லாருக்கும் தெரியும். தடி, கல்லு, எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு என் வீட்டுக்கு வந்துட்டாங்க.

யோஸ்ட் கோபுரத்துல இருந்தாரு. மேலருந்து பாத்தா ஊர்க்கூட்டம் நம்ம வீட்டு வாசல்ல. கீழ எறங்கி ஓடி வந்தா நேரமாயிடும்னு, அங்கயே நின்னு தீ மணி அடிச்சாரு. "டாங்டாங்டாங்டாங்"னு மூச்சு விடாம. பழக்கம் பாருங்க, கூட்டத்துல பாதிப்பேரு கல்லக் கீழ போட்டுட்டு வாளி எடுக்க ஓடினாங்க. திரும்பி வரும்போது தண்ணியோட வந்தாங்க. ஒரு ஆளு எதுக்கும் இருக்கட்டும்னு என் கூரை மேல ஊத்திட்டான்.

அந்தச் சத்தத்துலதான் சபீனாவும் வந்தா. அடுப்புக்குள்ள ரொட்டி தள்ளுற நீளமான மரத்துடுப்ப வச்சுக்கிட்டு, எல்லாரையும் வெலக்கிக்கிட்டு வந்து என் வாசப்படியில நின்னா.

"அந்த வெளுக்குறவள வெளிய வரச் சொல்லு"ன்னு ஒருத்தன் கத்தினான்.

"அவ என் சம்பந்தி. அவகிட்ட பேசணும்னா என்கிட்டப் பேசு."

"என்ன சம்பந்தி? சீர் தகராறுல கல்யாணம் நின்னுபோச்சுன்னு ஊருக்கே தெரியும்."

"நிக்கல. ஞாயித்துக்கெழமை கல்யாணம். எனக்குச் சீர் வேண்டாம், பொண்ணு போதும்"னா. "நாளைக்கு யாருக்கெல்லாம் ரொட்டி வேணும், அவங்க இப்ப வீட்டுக்குப் போங்க."

கேட்டீங்களா தம்பி? அத்தன பேரு முன்னாடி. சீர் வேண்டாமாம், பொண்ணு போதுமாம். ஏதோ என்கிட்ட ஒண்ணுமே இல்லாத மாதிரி. வீட்டுக்குள்ள எட்டு மூட்டக் காசு இருக்கு. நான் கதவத் தொறந்து வெளிய போய், தேய்க்கிறதப் பத்தி அந்தச் சனங்களுக்கு ஒரு விளக்கம் குடுத்துடலாம்னு பாத்தேன். எல்ஸ்பெத் குறுக்க நின்னுக்கிட்டா. "அம்மா, ஒரு தடவையாவது வாய மூடிக்கிட்டு இரும்மா"ன்னா. அழுதுக்கிட்டே சொன்னா, அதனால விட்டுட்டேன். சனங்க ஒவ்வொருத்தரா வாளியத் தூக்கிக்கிட்டுக் கலைஞ்சு போனாங்க.

ஞாயித்துக்கெழமை கல்யாணம் நடந்துச்சு. பொண்ணு மாப்பிள்ள தேவாலயத்த விட்டு வெளிய வரும்போது மணி அடிக்கணும், அதுதான் மொறை. யோஸ்டுக்குத் தொண்ட போயிடுச்சு. அன்னிக்கிக் கத்துனதுல காத்துதான் வருது, சத்தம் வரல. ஆனாலும் மேல ஏறிட்டாரு, அவரு பொண்ணு கல்யாணமாச்சே. சன்னல்ல நிக்கிறாரு, கைய வாய்கிட்ட வைக்கிறாரு, வாய் தொறக்குது, மூடுது. கீழ எல்லாரும் தலையத் தூக்கிப் பாத்துக்கிட்டே நிக்கிறோம். ஒண்ணும் கேக்கல. எல்ஸ்பெத் மொகம் அப்படியே வாடிப்போச்சு.

சபீனாதான் ஆரம்பிச்சா. அவளுக்குத்தான் பெரிய தொண்டையாச்சே. கல்யாணத்து மணி எப்படியோ அப்படியே, நிதானமா, "டாங்"னா. அப்புறம் தில்மான். அப்புறம் பாதிரியார். அப்புறம் என் வீட்டு மேல தண்ணி ஊத்துன ஆளு. கொஞ்ச நேரத்துல ஊரே நின்னு அடிக்குது தம்பி, மேல பாத்துக்கிட்டு. யோஸ்ட் சன்னல்லருந்து கையால தாளம் காட்டுறாரு. நான் அதுல சேரல. எனக்கு மான ரோஷம் இருக்கு. ஒரே ஒரு தடவ சொன்னேன், அதுவும் மெதுவா.

அதுக்கப்புறம் எனக்கு யாரும் துணி போடல. வெளுத்துக் குடுப்பா, ஒரு தடவ தேய்ச்சா போயிடும்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்க. சபீனா வாரா வாரம் ரொட்டி குடுத்து விடுறா. காசு குடுத்தா வாங்க மாட்டேங்குறா. என்னை அசிங்கப்படுத்துறதுல அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். நானும் ரொட்டியத் திருப்பி அனுப்பல, பெரிய மனசு பண்ணி வாங்கிக்கிறேன். யோஸ்டுக்குத் தொண்ட சரியாயிடுச்சு. என்னோட வான்னு கூப்பிட்டேன், ஊர விட்டு வர முடியாதாம். வேற மணி இல்லையாம்.

எங்க போறேன்னுதானே கேட்டீங்க? ஆத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு பிரபு இருக்காரு. இப்பத்தான் அவரும் படை சேக்குறாரு. புதுசா ஒரு பட்டறை தொறந்திருக்காங்க, நல்லா வெளுக்கத் தெரிஞ்ச ஆளு கெடைக்கலையாம். என்னப் பத்தி யாரோ சொல்லி, அந்தப் பட்டறைக்காரரே எங்க வீட்டுக்கு வந்துட்டாரு. இவரும் மரியாதையான மனுஷன்தான். கூலி என்ன வேணும்னு கேட்டாரு.

"கோதுமை. வாரம் அரை மூட்டை"ன்னேன்.

சிரிச்சாரு. "காசு மலை மலையா அடிக்கிற எடத்துக்கு வந்து கோதுமை கேக்குறீங்களேம்மா"ன்னாரு.

"நீங்க கூலியா என்னய்யா வாங்குறீங்க"ன்னு கேட்டேன்.

அவரு தெருப்பக்கம் ஒரு தடவ எட்டிப் பாத்துக்கிட்டாரு. அப்புறம் மெதுவாச் சொன்னாரு.

"வெண்ணெய்."

அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு தம்பி, இது வெவரமான எடம்னு. நாளைக்கே வேலைக்கு வந்துடுறேன்னு சொல்லிட்டேன்.